மடியில் ஏறும் பழைய கப்பல் சாமான் யாருக்குச் சொந்தம்? காசிமேட்டுத் துண்டறிக்கைக்குத் தெளிவு வேண்டும்

ராயபுரம் கரை கேட்டது:

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களிடம் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறோம். இழுவை மடியில் (படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலை) மீனோடு சேர்ந்து பழைய நங்கூரம், பீங்கான், உலோகக் கட்டி, காசு ஒட்டிய கல் என்று ஏதாவது ஏறினால் என்ன செய்வது, அது யாருடைய பொருள் என்பதுதான் விஷயம்.

கரையில் மூன்று பதில்கள் உலவுகின்றன. கடலம்மா கொடுத்தது, எடுத்தவனுக்கே சொந்தம் என்பது ஒன்று. புதையல் சட்டப்படி முக்கால் பங்கு எடுத்தவனுக்கு என்பது இன்னொன்று. எல்லாம் அரசாங்கத்துக்கு, வெளியே சொன்னால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், பேசாமல் திரும்பக் கடலிலேயே தள்ளிவிடு என்பது மூன்றாவது. இதில் எதை எழுதுவது?

12 மைலுக்கு வெளியே எடுத்தால் சட்டம் மாறுமா? படகு உரிமையாளர், ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்), பங்குக்குப் போன தொழிலாளர்கள், இவர்களில் யாருக்கு உரிமை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரிமுனை வழக்காடி எழுதியது:

மூன்றுமே தவறு. மூன்றாவதுதான் மிகப் பெரிய தவறு. அது பொருளையும் அழிக்கிறது, எடுத்தவருக்கு வர வேண்டிய தொகையையும் அழிக்கிறது.

"சொந்தம்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எங்கே கிடந்தது? யாருடைய கப்பல்? பொருளுக்கு வயது 100 ஆண்டுக்கு மேலா கீழா? எடுத்தவருக்கு வர வேண்டியது உடைமையா, கூலியா? இவற்றைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதலில் இடம். அரசியலமைப்பின் 297-வது பிரிவு, இந்தியாவின் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பு, கண்டத்திட்டு, தனிப் பொருளாதார மண்டலம் ஆகியவற்றில் கடலுக்கு அடியில் உள்ள நிலம், கனிமம், "மதிப்புள்ள பிற பொருள்கள்" எல்லாம் ஒன்றிய அரசைச் சேரும் என்கிறது. சேற்றில் புதைந்த ஆளில்லாத சரக்கும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும் என்பது என் வாசிப்பு. ஆட்சிக்குட்பட்ட கடல் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பொருளாதார மண்டலம் 200 கடல் மைல். நம் இழுவைப் படகுகள் தொழில் செய்யும் இடம் முழுக்க இதற்குள்தான்.

ஆனால் 12 மைல் கணக்குப் போட்டுத் தப்பிக்க வழியில்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் கப்பல் சிதைவுக்கும் மீட்புக்கும் தனிப் பகுதியே உண்டு. அதன் 395-வது பிரிவு, சிதைவுப் பொருளைக் கண்டெடுத்துக் கையில் வைத்திருப்பவர் மட்டுமல்ல, வேறெங்கோ எடுத்ததைச் சிதைவுப் பொருள் பெறுநரின் (இத்தகைய பொருளைப் பொறுப்பேற்க அரசு நியமிக்கும் அதிகாரி) எல்லைக்குள் கொண்டுவருபவரும் கட்டுப்பட்டவர் என்கிறது. பொருள் அவருடையது என்றால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவருடையது இல்லை என்றால், முடிந்தவரை விரைவில் சிதைவுப் பொருள் பெறுநரிடம் ஒப்படைக்க வேண்டும். 40 மைலுக்கு அப்பால் எடுத்தாலும், காசிமேட்டுக்குள் படகு நுழையும்போது இந்தக் கடமை வந்துவிடுகிறது. பெறுநர் 48 மணி நேரத்துக்குள் விவரத்தை அருகிலுள்ள சுங்க அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து நிரூபித்து, மீட்புக் கூலியும் செலவும் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

2025-ல் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதனால் துண்டறிக்கையில் பிரிவு எண்களை அச்சடிக்காதீர்கள். கடமையை மட்டும் எழுதுங்கள். அன்றைய நிலையை ராஜாஜி சாலையில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இதோடு சுங்கச் சட்டம் 1962-ம் சேரும். கரை ஒதுங்கியது, மிதந்து வந்தது, கப்பல் சிதைவு என்று இந்தியாவுக்குள் வரும் எதையும் இறக்குமதிச் சரக்குபோலவே நடத்தச் சொல்கிறது அதன் 21-வது பிரிவு. அறிவிக்காமல் வெள்ளிக் கட்டியை விற்கச் சவுகார்பேட்டைக்குக் கொண்டுபோனால் சிக்கல் ஒன்றோடு நிற்காது.

அடுத்தது வயது. 100 ஆண்டு தாண்டிய காசு, சிற்பம், கலைப்பொருள் எல்லாம் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பவே முடியாது. அப்படி அனுப்பினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. பொருளை அரசே கட்டாயமாக எடுத்துக்கொள்ளவும் இச்சட்டத்தில் இடம் உண்டு.

எடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? உடைமை கிடைக்காது. மீட்புக் கூலி கேட்கும் உரிமை உண்டு. சிதைவுப் பொருளைக் காப்பாற்றியவருக்கு அதன் உரிமையாளர் நியாயமான தொகை தர வேண்டும் என்று அதே 1958 சட்டம் சொல்கிறது. தகராறு வந்தால் சிறு தொகைக்கு மாஜிஸ்திரேட்டிடமும், பெரிய தொகைக்கு உயர் நீதிமன்றத்திடமும் போகலாம். சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கடல்சார் வழக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த உரிமை, பொருளை ஒப்படைத்தவருக்குத்தான் நிற்கும். ஒளித்து வைத்தவர் மீட்பவர் என்ற தகுதியையே இழந்து, அடுத்தவர் பொருளைக் கையாடியவர் ஆகிவிடுகிறார்.

கொருக்குப்பேட்டை குமாஸ்தா எழுதியது:

வழக்காடி அண்ணனுக்கு ஒரு சேர்க்கை. முக்கால் பங்குக் கதை வெறும் வதந்தி இல்லை. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் இருப்பதுதான் அது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளைக் கருவூலத்தில் கட்ட வேண்டும், அல்லது பிணை தர வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, 4 மாதத்துக்குக் குறையாமல் 6 மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளை விசாரணைக்குக் குறிப்பார். உரிமை கோர யாரும் இல்லை, ஆளில்லாப் பொருள் என்று முடிவானால் நாலில் மூன்று பங்கு எடுத்தவருக்கு, மீதி நிலத்துக்காரருக்கு. அரசே வைத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

ஆனால் அந்தச் சட்டம் புதையல் என்று சொல்வது "மண்ணில், அல்லது மண்ணோடு பொருத்தப்பட்ட ஒன்றில் மறைந்திருக்கும்" பொருளை. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ கடல் அரித்த மணலில் காசுக் குடம் தலை காட்டினால் இதன்படி மனு கொடுக்கலாம். புயலில் மூழ்கிய கப்பலின் சரக்கு இழுவை மடியில் ஏறினால் அது கப்பல் சிதைவு. அதற்கு முக்கால் பங்கு என்று துண்டறிக்கையில் எழுதினால் பொய் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும்.

கரையில் கிடைத்ததா, கடலில் கிடைத்ததா என்பதுதான் இங்கே பிரிகோடு. அதை முதல் வரியிலேயே போடுங்கள்.

வண்ணை வாசகசாலை எழுதியது:

"யாருடைய கப்பல்" என்ற கேள்வியை வழக்காடி ஒரு வரியில் தாண்டிவிட்டார். உலக வழக்குகள் பெரும்பாலும் அதில்தான் நிற்கின்றன. யூடியூபில் சுற்றும் புதையல் வேட்டைக் கதைகள் அமெரிக்கக் கதைகள். 1622-ல் ஃபுளோரிடா அருகே மூழ்கிய அட்டோச்சா என்ற ஸ்பானியக் கப்பலின் பெருஞ்சரக்கை மெல் ஃபிஷர் குழு 1985-ல் கண்டுபிடித்து வைத்துக்கொண்டது உண்மை. 1988-லேயே அமெரிக்கா சட்டம் போட்டு, மாநிலக் கடலடியில் புதைந்த கைவிடப்பட்ட கப்பல்களை அந்தந்த மாநிலத்துக்கு உரியதாக்கிவிட்டது. அந்தக் கதவு அங்கேயே மூடியாயிற்று.

கம்பெனிகள் தோற்ற பெரிய வழக்கு மெர்சிடிஸ். 1804-ல் போர்த்துகல் அருகே பிரிட்டிஷ் கப்பற்படையால் மூழ்கடிக்கப்பட்ட ஸ்பானியப் போர்க்கப்பல் அது. ஒடிஸி என்ற அமெரிக்க நிறுவனம் 2007-ல் ஏறக்குறைய 5,94,000 நாணயங்களை, 17 டன் எடைக்கு, தூக்கியது. ஒரு நாட்டின் போர்க்கப்பல் எத்தனை ஆண்டு கடலடியில் கிடந்தாலும் அந்த நாட்டுடையதுதான் என்று ஸ்பெயின் வாதாடி வென்றது. 2012-ல் எல்லாம் மாட்ரிட்டுக்குப் போனது. அந்த வெள்ளி தங்கள் மண்ணில் வெட்டி, தங்கள் மண்ணில் அச்சடித்தது என்று பெருவும் கேட்டது. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொலம்பியக் கடலில் 1708-ல் மூழ்கிய சான் ஹோசே கப்பலுக்கும் இன்று இதே இழுபறிதான்: கடல் கொலம்பியாவுடையது, கொடி ஸ்பெயினுடையது, முதலில் கண்டோம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது, வெட்டியவர்கள் எங்கள் முன்னோர் என்று பொலிவியாவின் கரா கரா மக்கள் சொல்கிறார்கள்.

நமக்கு நெருக்கமானவை இரண்டு. கெய்ர்சொப்பா என்ற சரக்குக் கப்பல் 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளி, தேயிலை, வார்ப்பிரும்புக் கட்டியோடு புறப்பட்டு, 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கியது. ஆழம் 4,700 மீட்டர். அதன் வெள்ளி பிரிட்டிஷ் அரசின் போர்க்கால காப்பீட்டில் இருந்ததால் உரிமை அந்த அரசுக்குப் போனது. அரசு ஒடிஸியோடு ஒப்பந்தம் போட்டது: செலவு போக நிகர மதிப்பில் 80 சதவீதம் கம்பெனிக்கு, மீதி அரசுக்கு. 2012-லும் 2013-லும் சேர்த்து 100 டன்னுக்கு மேல் வெள்ளி வெளியே வந்தது. கப்பலில் பெரும்பாலோர் இந்திய லஸ்கர் மாலுமிகள். உயிர் பிழைத்தவர் ஒரே ஒரு ஆங்கிலேய அதிகாரி. அந்த மாலுமிகளின் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் எந்த இடமும் இல்லை. உரிமை என்று பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது திலாவா. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பயணிகளை ஏற்றிப் போன கப்பல். 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி 280 பேர் இறந்தார்கள். நாணயம் அடிக்கத் தென்னாப்பிரிக்க அரசு வாங்கியிருந்த 2,364 வெள்ளிக் கட்டிகள் அதில் இருந்தன. 2017-ல் ஒரு கம்பெனி அவற்றைத் தூக்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் மீட்புக் கூலி கேட்டது. 2024 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், வேறொரு நாட்டு அரசின் வணிகம் சாராத சரக்கு என்பதால் அந்த அரசை இந்த நீதிமன்றத்தில் இழுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனிகள் ஒப்பந்தத்தோடு போனதற்கும் ஒப்பந்தம் இல்லாமல் போனதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டிலும் அப்படியே தெரிகிறது.

இனி மதராஸ். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும், மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் வெள்ளிப் பெட்டியையும் கரை சேர்க்கும். ஐப்பசிப் புயல் எழுந்தால் கப்பல்காரர்கள் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவார்கள். அதனால் மடியில் ஒற்றை நங்கூரம் ஏறினால் கீழே கப்பல் கிடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஓட முடியாத கப்பல்களும் உண்டு. 1746 அக்டோபர் புயலில், மதராஸைப் பிடித்திருந்த லாபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் இதே கடலில் மூழ்கின.

அப்படி ஒரு கப்பல் கிடைத்தால் அது பிரெஞ்சு அரசருடையதா, பிரெஞ்சுக் கம்பெனியுடையதா என்பதே முதல் வழக்காகும். பழவேற்காட்டுக்குப் போன டச்சுக் கப்பல் என்றால் நெதர்லாந்து அரசு தன்னை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாரிசு என்று சொல்லும். ஆஸ்திரேலியாவோடு 1972-ல் அது செய்த உடன்பாடு இதற்கு நல்ல முன்மாதிரி. படாவியா உள்ளிட்ட நான்கு டச்சுக் கப்பல்களின் உரிமையை ஆஸ்திரேலியாவுக்கு விட்டுக்கொடுத்து, மாதிரிப் பொருள்களில் ஒரு பங்கை மட்டும் நெதர்லாந்து எடுத்துக்கொண்டது. 2010-ல் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

பூம்புகார் அருகே தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கண்ட கப்பல் சிதைவில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 ஆண்டுகளும் பொறித்த ஈயக் கட்டிகள் கிடைத்தன. சந்தை விலைக்கு அது பழைய ஈயம். இங்கிலாந்தின் உலைக்கும் இந்தக் கடற்கரைக்கும் இருந்த தொடர்பை ஆண்டோடு சொன்னது அந்த எழுத்துதான். உருக்கியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

ராயபுரம் கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கரை, கடல் என்ற பிரிகோட்டை முதல் வரியாக எடுத்துக்கொண்டோம். படகில் இருக்கும்போதே செய்ய வேண்டியதையும் யாராவது சொல்லுங்கள். ஒப்படைக்கும் வரை பொருளை எப்படி வைப்பது?

20 பாகம் எழுதியது:

படகில் செய்ய வேண்டியதில் தலையானது இடத்தைக் குறிப்பது. இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மடி ஏற்றும்போது ஜிபிஎஸ் காட்டும் இடத்தை எழுதிக் கொடுப்பார்கள். 3 மணி நேரம், 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் இழுத்தால் படகு 9 கடல் மைல் நகர்ந்திருக்கும். பொருள் அந்த ஏறக்குறைய 17 கிலோமீட்டரில் எங்கே ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மடி விட்ட இடம், விட்ட நேரம், போன திசை, இடையில் திரும்பிய இடம், மடி ஏற்றிய இடம், ஆழம் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி), எல்லாம் வேண்டும். ஜிபிஎஸ்ஸில் டிராக் ஓடிக்கொண்டிருந்தால் அதை அழிக்காமல் சேமியுங்கள்.

மடி மாட்டி இஞ்சின் திணறியது தெரிந்தால் வேலை எளிது. அந்த நொடியே ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட் (இடக்குறி) போடுங்கள். அப்போது எத்தனை பாகம் ரோப்பு வெளியே இருந்தது என்பதையும் எழுதுங்கள். 20 பாகம் ஆழத்தில் 100 பாகம் ரோப்பு விட்டிருந்தால் மடி படகுக்கு 180 மீட்டர் பின்னால் கிடக்கும். பாயிண்ட் படகின் இடம், மடியின் இடம் அல்ல. தேடிப் போகிறவருக்கு 180 மீட்டர் வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

ஸ்ராங்குகள் மடி கிழியும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகள்) பாயிண்டுகளை ஜிபிஎஸ்ஸில் வைத்திருப்பார்கள். அதில் சில இயற்கைப் பார், சில மூழ்கிய கப்பல். தொல்லியல்காரர்களுக்கு இந்தக் கடலில் இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. மீன் விழும் இடம் என்பதால் அதை வெளியே சொல்லத் தயங்குவது நியாயம்தான். பொருள் ஏறிய ஒரு பாயிண்டை மட்டும் கொடுத்தால் போதும்.

எடை. மடியில் மீனுக்கு மீறிய கனம் தெரிந்தால் வின்ச்சைத் தொடர்ந்து சுற்றாதீர்கள். பெரிய பீரங்கி ஒரு டன்னைத் தாண்டும். அந்தக் கனம் கப்பி உயரத்தில் தொங்கும்போது படகின் சமநிலை போய்விடும், பக்கவாட்டில் அலை அடித்தால் கவிழும். கனம் தாங்காது என்று தெரிந்தால் மடியை வெட்டி, கயிறு நுனியில் மிதவை கட்டி, பாயிண்ட் போட்டுவிட்டு வாருங்கள். மடி போனால் போகட்டும்.

இன்னொன்று. உருளையாக, கூர் மூக்கோடு, அடியில் செம்பு வளையம் உள்ள எதையும் தொடவே வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்த நகரத்தின் மீது நூற்றுக்கு மேல் குண்டு வீசியது. உலகப் போர் வெடிபொருள் உப்புத் தண்ணீரில் செத்துப்போகும் என்ற நம்பிக்கை தவறு. தட்டாதீர்கள், கரைக்கும் கொண்டுவராதீர்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. இந்த இரண்டு எண்ணும் துண்டறிக்கையில் கட்டாயம் வர வேண்டும்.

கரையோரத் தடைப் பகுதிக்குள் மடி இழுத்தது தெரிந்துவிடுமே என்று இடத்தை மாற்றிச் சொல்லும் பழக்கமும் உண்டு. விசைப்படகுக்கு அந்தத் தடை தமிழ்நாட்டுக் கடல்மீன்பிடிச் சட்டத்தில் இருப்பதுதான். அது தனி விவகாரம். பொய் இடம் எழுதினால் பின்னால் மீட்புக் கூலிக் கோரிக்கையே நிற்காது.

உப்பு நீக்கம் எழுதியது:

பொருளைக் காக்கும் விஷயத்தில் ஒரே சட்டம்தான்: ஈரமாக வந்தது ஈரமாகவே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இரும்பு நூற்றாண்டுக் கணக்கில் கடலில் கிடந்தால் உப்பின் குளோரைடு உள்ளே வரை ஏறியிருக்கும். வெயிலில் வைத்தால் ஈரம் போகும், காற்று உள்ளே போகும், குளோரைடு கலந்த துரு பெருத்து உள்ளிருந்தே பிளக்கும். வார்ப்பிரும்புப் பீரங்கி இன்னும் மோசம். மேல்பகுதியில் இரும்பு கரைந்துபோய் கரித்தன்மை மட்டும் மிஞ்சியிருக்கும். வடிவம், எழுத்து, முத்திரை எல்லாம் அப்படியே தெரியும், ஆனால் கத்தியால் சீவலாம். காய விட்டால் சில நாளிலேயே செதில் செதிலாக உதிரும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலும் அதில் நல்ல இரும்பு அதிகம் இருக்காது என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

படகில் இருக்கும் வரை கடல் தண்ணீரிலேயே முழுக்கி வையுங்கள். நீல பிளாஸ்டிக் டிரம் சிறந்தது. இரும்பு டிரம், அலுமினிய அண்டா கூடாது. ஒரே டிரம்மில் இரும்பையும் செம்பையும் சேர்த்துப் போட்டால் பேட்டரிபோல் வேலை செய்து இரும்பு வேகமாகக் கரையும். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிப் பாத்திரம்.

கரையில் சில நாள் காத்திருக்க வேண்டும் என்றால் இரும்புக்கு மட்டும், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 50 கிராம் வாஷிங் சோடா. சமையல் சோடா அல்ல, துணி துவைக்கும் சோடா. அந்தக் காரத்தில் துரு பிடிப்பது மட்டுப்படும். கையுறை போடுங்கள். மரத்துக்கும் பீங்கானுக்கும் இது கூடாது. ஈயத்துக்கு சோடாவும் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். மிகச் சுத்தமான தண்ணீர் ஈயத்தை அரிக்கும். கடல் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

பானை, பீங்கான்: துளைகளில் உப்பு இருக்கும். காய்ந்தால் அது படிகமாகி மேல் பூச்சைத் தள்ளும். ஒரேயடியாக நல்ல தண்ணீரில் போடாமல், மூன்று பங்கு கடல் தண்ணீருக்கு ஒரு பங்கு நல்ல தண்ணீர், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு ஒன்றுக்கு மூன்று என்று இரண்டிரண்டு நாளுக்கு மாற்றுங்கள். ஜாடிக்குள் இருக்கும் சேற்றைக் கொட்டாதீர்கள். மிளகோ, நெல்லோ, விதையோ அந்தச் சேற்றில்தான் இருக்கும்.

மரம்: ஈரத் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் சுற்றி, இருட்டில் வையுங்கள். சுவீடனின் வாசா கப்பலை மீட்ட பிறகு, மரம் சுருங்காமல் இருக்க மெழுகு போன்ற ஒரு கரைசலை 17 ஆண்டு தெளித்தார்கள். ஒரு மதிய வெயில் போதும், மரத்துண்டு முறுக்கிக்கொள்ளும்.

வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் கறுத்து, கல்லும் சிப்பியும் ஒட்டிய கட்டியாகத்தான் வரும். சுத்தியலால் உடைக்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். கறுப்பாகத் தெரிவது வெறும் அழுக்கு அல்ல. வெள்ளியின் மேல்பகுதியே கந்தகத்தோடு சேர்ந்து அப்படி மாறியிருக்கிறது. தேய்த்தால் முகமும் ஆண்டும் சேர்ந்து போகும். கட்டியை அப்படியே எக்ஸ்ரே எடுத்து உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, நம் ஊரிலேயே.

பாரிமுனை வழக்காடி எழுதியது:

கடிதம் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகங்கள் தூரமில்லை. சுங்க மாளிகை, ஆட்சியர் அலுவலகம் உள்ள சிங்காரவேலர் மாளிகை, வணிகக் கடல்துறை, மூன்றும் ராஜாஜி சாலைதான். இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் ஜார்ஜ் கோட்டைக்குள். மாநிலத் தொல்லியல் துறை எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில். கடலடித் தொல்லியலுக்கு இந்தியத் தொல்லியல் துறை 2001-லேயே தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறது. உங்கள் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

படகு கரை சேர்ந்த அன்றே மீன்வளத் துறை அலுவலகத்திலும் துறைமுகக் காவல் நிலையத்திலும் ஒரே வாசகத்தைக் கொடுங்கள். மாதிரி:

"... தேதி, ... மணிக்கு, ... பதிவு எண் விசைப்படகின் இழுவை மடியில் கீழ்க்கண்ட பொருள்கள் ஏறின. மடி விட்ட இடம் ..., ஏற்றிய இடம் ..., ஆழம் ... பாகம். பொருள்களின் எண்ணிக்கை, அளவு, எடை இத்துடன். 6 புகைப்படங்கள் இணைப்பு. பொருள்கள் தண்ணீரில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றைச் சிதைவுப் பொருள் பெறுநரிடம் ஒப்படைக்கத் தயாராக உள்ளோம். சட்டப்படி எங்களுக்கு உரிய மீட்புக் கூலியையும், பொருளைக் காக்க ஆன செலவையும் கோரும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம். படகில் இருந்தவர்கள்: ..."

கடைசி இரண்டு வாக்கியங்களை யாரும் எழுதுவதில்லை. அவை இல்லாத கடிதம் தானமாகக் கொடுத்த கடிதம் போல ஆகிவிடும். கிழிந்த மடி, இழந்த தொழில் நாள், டீசல், ஐஸ், எல்லாவற்றுக்கும் பில் வைத்திருங்கள். மீட்புக் கூலி கணக்கிடும்போது மீட்டவரின் செலவும் பட்ட ஆபத்தும் பார்க்கப்படும்.

நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். புகைப்படத்தில் அளவு தெரிய ஒரு ஸ்கேலோ, 10 ரூபாய்க் காசோ பக்கத்தில் வையுங்கள். ஒப்படைக்கும்போது எண்ணி, எடை போட்டு, பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். "பழைய நாணயங்கள் ஒரு பை" என்று எழுதிய ரசீதை ஏற்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை குமாஸ்தா எழுதியது:

படகில் இருந்தவர்கள் என்ற வரியை அழுத்திச் சொல்கிறேன். படகு உரிமையாளர் பெயரில் மட்டும் கடிதம் போனால், பங்குக்குப் போனவர் பின்னால் எதையும் கேட்க முடியாது. மீட்பவர் என்பது படகு மட்டுமல்ல, அதில் வேலை செய்த ஆட்களும்தான். ஸ்ராங்கு முதல் சமையல் பார்த்த பையன் வரை எல்லார் பெயரும், ஊரும், கையெழுத்தும் வேண்டும். ஆந்திராவிலிருந்து வந்த தொழிலாளி என்றால் அவர் விலாசமும்.

ராயபுரம் கரை எழுதியது:

மீன் பங்கு பிரிக்கிற அதே விகிதத்தில் மீட்புக் கூலியையும் பிரிக்கலாமா?

பாரிமுனை வழக்காடி எழுதியது:

மீன் பங்கு படகுக்குப் படகு மாறும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லோரும் சம்மதித்தால் முத்திரைத்தாளில் விகிதத்தை எழுதி, பொருளை ஒப்படைப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். தொகை வந்த பிறகு பேச ஆரம்பித்தால் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத நிலையில் பிரித்துத் தருவது நீதிமன்றம்.

ஒரு குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 100 ஆண்டு தாண்டிய பொருளுக்கு அரசே உரிமையாளர் என்றாகும்போது, மீட்புக் கூலியை எந்த மதிப்பில் கணக்கிடுவது, எத்தனை நாளில் தருவது என்று மீனவருக்குத் தெரியும்படி ஒரு எளிய விதி இல்லை. நீருக்கடியில் 100 ஆண்டு கிடந்த மரபுச் சின்னங்களை வியாபாரம் ஆக்கக் கூடாது என்று யுனெஸ்கோ 2001-ல் உடன்படிக்கை கொண்டுவந்தது. அது 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா அதில் சேரவில்லை. விற்கக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இந்தோனேசியாவில் பெலிதுங் தீவருகே 9-ம் நூற்றாண்டுக் கப்பலை 1998-ல் முதலில் கண்டவர்கள் கடல் அட்டைக்கு மூழ்கிய மீனவர்கள்தான். அந்தச் சரக்கு பின்னால் 3 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. கண்டவருக்குக் கவுரவமான தொகையும், கண்காட்சியில் படகின் பெயரும் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் காசிமேட்டில் ஸ்ராங்கு பாயிண்டைச் சொல்வார். உங்கள் சங்கம் துண்டறிக்கையோடு நிறுத்தாமல் இதற்கென ஒரு மனுவை மீன்வளத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

20 பாகம் எழுதியது:

துண்டறிக்கையை ஏப்ரல் 15-க்கு முன்பு கொடுத்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகெல்லாம் கரையில் நிற்கும், மடி தைக்கும் இடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேச நேரம் இருக்கும். பேப்பராகக் கொடுத்தால் ஒரே டிரிப்பில் நனைந்துவிடும். லேமினேட் செய்து வீல் அவுஸில் ஜிபிஎஸ் பக்கத்தில் ஒட்டும் அளவில் போடுங்கள். தொலைபேசி எண்கள் இரண்டும் பெரிய எழுத்தில்.